மாப்பிள்ளைக்குத் தைத்த தொப்பி

முதலில் குண்டூசிகள் வாய்க்குப் போகும். நான்கைந்து ஊசிகள், தலைகள் வெளியே தெரிய, உதடுகளுக்கு நடுவே வரிசையாக. அதற்குப் பிறகு டேப் அக்காவிடம் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"ஏன் டேப்பு, மாடி வீட்டு மருமக பழைய சட்டையெல்லாம் பிரிச்சுப் பெருசாக்கக் கொடுத்திருக்காளாமே?"

"ம்."

"அப்போ விசேஷம்தானா?"

"ம்."

"ஆமாவா இல்லையா, ஒழுங்கா சொல்லேன்."

"ம்."

கேட்டவர் பக்கத்துக் கடையில் முட்டை விற்கும் பெரியம்மா. வியாபாரம் இல்லாத நேரத்தில் இங்கே வந்து முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். "உன்கிட்ட கேக்கறதுக்கு உன் மிஷின்கிட்ட கேக்கலாம். அதுவாவது கடகடன்னு எதையாவது சொல்லும்" என்று அலுத்துக்கொண்டு எழுந்து போவார். டேப் அக்கா சிரிப்பார். வாயில் ஊசி இருப்பதால் சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வரும்.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. கழுத்தில் எந்நேரமும் மஞ்சள் டேப். கடைக்குப் போனாலும் டேப், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டேப். அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படத்தில்கூட அது கழுத்தில் கிடக்கிறது. படம் எடுத்தவர் சொல்லவில்லையாம், வீட்டுக்காரரும் கவனிக்கவில்லையாம். வீட்டுக்காரர் தொலைதூர லாரி ஓட்டுகிறார். வாரக் கடைசியில் வந்து, கடை வாசலில் லாரியை நிறுத்தி, ஒலிப்பானை ஒரு தட்டு தட்டுவார். டேப்பைக் கழற்றி மிஷின்மேல் வைப்பது அப்போது மட்டும்தான்.

எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுப்பது என் வேலை. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, அடுத்து என்ன என்பதில் வீட்டில் இன்னும் சண்டை முடியவில்லை. மிஷின் சூடாகும்வரை கண்ணாடிக் கதவு வழியாக அவர் வேலை செய்வதைப் பார்ப்பேன். "நீ ஒரு ரெண்டு கால் கேமரா" என்பார்.

கடை சிறியது. தெரு வளையும் இடத்தில் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நடுவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று, அதன் மூலையில் ஓடிய விரிசலை மறைக்கப் பூப்படம் ஒட்டியிருப்பார். அதற்குப் பக்கத்தில் உடை மாற்ற ஒரு திரை. பின்பக்கக் கதவு தண்ணீர்க் குழாய் இருக்கும் சந்தில் திறக்கும். இந்த இடத்துக்குள்தான் தெருவின் பாதிப் பெண்கள் வந்து போகிறார்கள்.

அளவு எடுக்கும்போது அவர் எண்ணை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. மற்ற கடைகளில் ஒருவர் அளந்து கூவுவார், இன்னொருவர் எழுதிக்கொள்வார், வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். இவர் டேப்பைச் சுற்றுவார், பார்ப்பார், அவரவர் துணியின் உட்புறத்திலேயே சாக்குக்கட்டியால் ஒரு கோடு, ஒரு புள்ளி போடுவார். தைத்து முடித்ததும் ஒரு தட்டு தட்டினால் அதுவும் போய்விடும்.

"அடுத்த தடவை வந்தா மறுபடி அளக்கணுமே அக்கா?" என்று கேட்டேன்.

"அளக்கறேன். எனக்கென்ன டேப்பு தேஞ்சா போயிடும்? துணியோட வந்தது துணியோட போயிடணும்."

டேப் உண்மையில் தேய்ந்துதான் இருக்கிறது. முதல் சாணில் எண்களே இல்லை.

தையல்காரப் பெண்ணுக்குத் தெரியாதது ஒரு தெருவில் குறைவு. யார் உண்டாகியிருக்கிறார் என்று கணவனுக்கு முன்பே தெரியும். யார் காரணமில்லாமல் இளைக்கிறார், யார் வெயில் கொளுத்தும்போதும் முழுக்கைச் சட்டை கேட்கிறார் என்பதெல்லாம் அந்த டேப்புக்குத் தெரியும். டேப் அக்கா இவற்றோடு எப்படித் தூங்குகிறார் என்று நான் யோசித்ததுண்டு. ஒருநாள் கேட்டேவிட்டேன். "படுத்தா தூங்கிடுவேன். அதெல்லாம் என் கதையா, நான் முழிச்சிருந்து யோசிக்க?" என்றார்.

இப்படிப்பட்டவர் கேமராவுக்கு எதிரியாகத்தான் இருப்பார் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. தெருவில் சங்கிலி பறிப்பும் பை பறிப்பும் அதிகமானபோது, காவல் நிலையத்தில் கடைக்காரர்களைக் கூட்டி, அரசாங்கச் செலவில் கேமரா வைக்கப்போகிறோம், இடம் கொடுப்பவர்கள் யார் என்று கேட்டார்கள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலில் உயர்ந்த கை இவருடையது. அந்தக் கையும் முழுதாக நிமிராது. முன்பு ஒருமுறை வேலை முடிந்து வீட்டுக்கு நடந்தபோது பைக்கில் வந்தவன் தோள்பையை இழுத்தான். பையின் வார் அறுபடாமல் இவரைத் தரையோடு தேய்த்துக்கொண்டு போனது. முழங்கை எலும்பு கோணலாகச் சேர்ந்தது. இன்றும் துணி வெட்டும்போது கத்தரியைத் தூரத்துக்கு நீட்ட முடியாது. மேசையைச் சுற்றி அவர்தான் நகர வேண்டும்.

"கேமரா எதுக்குன்னு என் முழங்கையைக் கேளு" என்பார்.

தெருவில் நான்கு கேமராக்கள் வந்தன. வளைவு முழுவதும் தெரியும்படி ஒன்று இவர் கடைக்கு. வெளியே தூணில் வையுங்கள் என்றார். பொருத்த வந்தவர் கேட்கவில்லை. "வெளிய வெச்சா மழை அடிச்சு ஒரே மாசத்துல போயிடும்க்கா. உள்ள மேல் மூலையில வெச்சா கண்ணாடி வழியா தெரு பளிச்சுனு தெரியும்" என்று ஆணியடித்துவிட்டுப் போனார். அந்தக் கேமராவுக்கு டேப் அக்கா வைத்த பெயர் மாப்பிள்ளை.

"ஏன்க்கா மாப்பிள்ளை?"

"பாரேன். ஒரு வேலை செய்யறதில்ல. வீட்டுக் கரண்ட்டைக் குடிச்சுட்டு மூலையில உக்காந்து எல்லாரையும் உர்ருனு பார்க்குது. வேற என்னன்னு கூப்பிடறது?"

லாரியிலும் முதலாளி ஒன்றை மாட்டியிருக்கிறாராம், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க. "அவருக்கு அங்க ஒரு மாப்பிள்ளை, எனக்கு இங்க ஒரு மாப்பிள்ளை. கடைசியில பொண்ணுதான் இல்ல" என்று சொல்லிச் சிரிப்பார்.

கேமராவின் படம் காவல் நிலையத்துத் திரையில் ஓடும். கூடவே, தெருக் காவல் குழு என்று ஒன்றை அமைத்து, அதில் இருந்தவர்களின் கைப்பேசியிலும் தெரியும்படி செய்து கொடுத்திருந்தார்கள். குழுவுக்குத் தலைவர் டயர் கடைக்காரர். தலைவரான நாளிலிருந்து தெருவில் அவருக்குப் பெயர் சேர்மன். ஜெராக்ஸ் எடுக்க வந்தால் எங்கள் மேசைமேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக் காட்டுவார்.

"பாத்தியா? உக்காந்த இடத்துல மொத்தத் தெருவும் கையில." பிறகு விரலால் ஒரு படத்தைப் பெரிதாக்குவார். "இதோ என் வீட்டுக்காரி. ஆஸ்பத்திரில இருந்து கிளம்பியாச்சு. இந்த வளைவுல திரும்பி நேரா வீடு. கொஞ்சம் நின்னாலும் போன் போட்டுருவேன். எல்லாம் பாதுகாப்புக்குத்தான்."

அவருடைய மனைவிதான் நர்ஸ் அக்கா. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போடுகிறவர்.

ஒருமுறை சேர்மன் அப்படிக் காட்டிக்கொண்டிருந்தபோது டேப் அக்கா ஏதோ நகல் எடுக்க வந்து நின்றார். கைப்பேசியில் அவருடைய கடை தெரிந்தது. தெரு இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய மேசை, ஆளுயரக் கண்ணாடி, திரை. மேலிருந்து பார்ப்பதால் திரைக்கு மேலாக உட்புறமும் தெரிந்தது. சட்டை போட்டுப் பார்க்க உள்ளே போயிருந்த ஒரு பெண்ணின் வகிடு, தோள். சேர்மன் அதைக் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. டேப் அக்கா கவனித்தார். நகல் எடுக்காமலே திரும்பிப் போனார். அன்று பிற்பகல் முழுக்க அவர் மிஷின் விட்டுவிட்டு ஓடியது.

தொப்பி பிறந்தது அப்படித்தான். பள்ளிச் சீருடைக்கு வெட்டியதில் மிஞ்சிய நீலத்துணி. உள்ளே மெத்தென்று உள்துணி, ஓரத்தில் எலாஸ்டிக். உயரத்தில் தொங்கும் உடைகளை இறக்க ஒரு நீளக் கழி வைத்திருப்பார், நுனியில் இரும்புக் கொக்கி. அளவு கொடுக்க யாராவது வந்தால் கொக்கியில் தொப்பியை மாட்டி, மேல் மூலைக்குத் தூக்கி, மாப்பிள்ளையின் தலையில் கவிழ்ப்பார். "கண்ணைக் கட்டியாச்சு. உள்ள வாம்மா." வேலை முடிந்ததும் அதே கழியால் உருவிவிடுவார். ஒருநாளும் மறந்து விட்டதில்லை. கடையைப் பூட்டும்போது தொப்பி கட்டாயம் மிஷின்மேல் இருக்கும். "ராத்திரி நல்லா முழிச்சிருக்கட்டும். அதுக்குத்தானே சோறு போடறோம்?"

திரைக்கு மேல் துணிக்கூரை போட்டும் பார்த்தார். உள்ளே நின்றவர்களுக்கு மூச்சு முட்டியது. இடத்தை மாற்றித் தரும்படி பொருத்தியவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மழையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சேர்மன் வந்து, படம் அடிக்கடி இருட்டடிக்கிறதே என்று கேட்டபோது, "துணித்தூசி பறக்குதுங்க. மாப்பிள்ளைக்குத் தும்மல் வந்துடக் கூடாதில்ல?" என்றார். சேர்மன் சிரிக்கவில்லை.

ஒரு மத்தியானம். தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்திருந்தது. டேப் அக்கா கழியைத் தூக்குவதைப் பார்த்தேன், தொப்பி ஏறியது. முன்கதவு வழியாக யாரும் போகவில்லை, அப்படியானால் சந்து வழியாக வந்திருக்கிறார்கள். சிறிது நேரத்தில் கண்ணாடி முன்னால் நர்ஸ் அக்கா தெரிந்தார்.

அவர் ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்பே ஒருநாள் தன் படிப்புச் சான்றிதழ்களை எங்கள் கடையில் நகல் எடுத்து, அசலைவிட நகலை அதிகம் பார்த்தபடி நின்றவர், "இதை யார்கிட்டயும் சொல்லிடாதே தங்கச்சி" என்றிருந்தார். வேறொரு ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. விடுதியும் உண்டு. நகல் எடுத்த சில நாளில் சேர்மன் தினமும் அவருடைய கைப்பையைக் கொட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அதனால் சான்றிதழ்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோக வழியில்லை. டேப் அக்கா அவருடைய பாவாடையின் உட்புறத்தில் அகலமாக, தட்டையாக ஒரு பை தைத்துக்கொண்டிருந்தார். நடந்தாலும் உட்கார்ந்தாலும் தாள் சலசலக்கக் கூடாது என்பதற்காகப் பையின் இருபுறமும் பஞ்சுத்துணி. இது சேர்மனுக்குத் தெரிந்தால் பையோடு எல்லாம் முடிந்துவிடும். நர்ஸ் அக்கா அந்த வீட்டை விட்டு வெளியே வரவே முடியாது.

அப்போதுதான் அந்த பைக் வந்தது. பெரியம்மா வாசலில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவன் அவர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அது உடனே அறுபடவில்லை. பெரியம்மா அட்டைகளின்மேல் சரிந்த பிறகுதான் அறுந்தது. இரண்டு பேரும் தலைக்கவசம் போட்டிருந்தார்கள். வளைவில் திரும்பி மறைந்தார்கள். உடைந்த முட்டையும் ரத்தமும் கலந்து வாசல் முழுக்க வழிந்தது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் ஓடிவந்தவர் நர்ஸ் அக்கா. வெறுங்கால். பாவாடை ஓரம் முழுக்கக் குண்டூசி. வரும் வழியிலேயே மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்துணியை உருவியிருந்தார். வழிந்த முட்டையில் மண்டியிட்டு, பெரியம்மாவின் கழுத்தில் அதை அழுத்தினார்.

"கழுத்தை ஆட்டாதீங்க பெரியம்மா. என்னையே பாருங்க. என் மூக்கைப் பாருங்க. ஆங், அப்படித்தான்."

நான் தண்ணீரோடு ஓடினேன். டேப் அக்கா பெரியம்மாவின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். தெருவில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. நர்ஸ் அக்கா டேப் அக்காவின் கையை எடுத்துத் துணிமேல் வைத்து, "இப்படியே அழுத்திப் பிடிங்க, விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்குள் போய்ப் பின்வாசல் வழியாக மறைந்தார். கூட்டம் சேர்ந்தபோது அங்கே இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

மறுநாள் காலையில் விசாரணை வந்தது. புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். சின்ன வயது, சத்தம் போடாமல் பேசுவார். அவருக்குப் பின்னால் சேர்மன். கழுத்தில் கட்டோடு பெரியம்மா முக்காலியில். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"அக்கா, இந்த வளைவுக்கு இருக்கறது இந்த ஒரு கேமராதான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "இதுக்கு முன்னாடி பறிச்சவங்களை இந்தத் தெருக் கேமராவை வெச்சுத்தான் பிடிச்சோம். நேத்து பார்த்தா ஒரே இருட்டு. அரசாங்கப் பொருளை மூடறது குத்தம்னு தெரியுமா? மேல எழுதிட்டாங்கன்னா கடையையே பூட்டச் சொல்லிடுவாங்க."

"மூடினது நான்தான் மேடம்" என்றார் டேப் அக்கா.

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தொப்பியாம் தொப்பி! உன் தொப்பியாலதான்டி என் சங்கிலி போச்சு. என் அம்மா போட்டுவிட்டது. அந்தப் பாவி பைக்கு நம்பராவது தெரிஞ்சிருக்கும்ல?"

டேப் அக்கா கோணல் முழங்கையை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

சேர்மன் முன்னால் வந்தார். "அது கிடக்கட்டும் மேடம். மூடின நேரத்துல உள்ள யாரு இருந்தாங்கன்னு கேளுங்க. அவங்கதானே சாட்சி? அந்த நேரத்துல என் வீட்டுக்காரி எந்தக் கேமராவுலயும் வரல. ஆஸ்பத்திரியில கேட்டா சீக்கிரமே கிளம்பிட்டாங்கறாங்க."

"சொல்லுங்கக்கா. யாரு இருந்தாங்க?"

"அளவு கொடுக்க ஒருத்தங்க வந்திருந்தாங்க."

"அந்த ஒருத்தங்க யாரு?"

"சாட்சி வேணும்னா நான் வர்றேன் மேடம். எங்க கூப்பிட்டாலும் வர்றேன். அவங்களும் நான் பார்த்ததைத்தான் பார்த்திருப்பாங்க. ரெண்டு முதுகு, ரெண்டு ஹெல்மெட்டு. அளவு கொடுக்க வந்தவங்க பேரை நான் சொல்றதில்ல."

"போலீஸ் கேட்டாக்கூடவா?"

டேப் அக்கா குரலை உயர்த்தவில்லை.

"போன வாரம் நீங்க வந்தப்பவும் அது தலையில தொப்பி இருந்துச்சு மேடம்."

சப்-இன்ஸ்பெக்டரின் கை மெதுவாக இடுப்புப் பட்டைக்குப் போய், அதற்குக் கீழே ஒரு கணம் நின்றது. எனக்கு அப்போது புரியவில்லை. பின்னால், அவரை ரோந்து வேலையிலிருந்து மாற்றி மேசை வேலைக்கு அனுப்பி, நிலையத்தில் எல்லோரும் வாழ்த்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு அவர் அந்தச் செய்தியை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய சீருடையின் பக்கத்தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்த ஒருவரைத் தவிர.

அவர் சேர்மன் பக்கம் திரும்பினார். "இந்தப் படம் உங்க போன்ல எப்படித் தெரியுது? காட்டுங்க."

சேர்மன் பெருமையோடு நீட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் வெகுநேரம் அதைப் பார்த்தார். மேசை, கண்ணாடி, திரை, திரைக்குள் மாட்டியிருந்த கொக்கி. ஒரு ஓரத்தில், கண்ணாடிக்கு அப்பால், கைக்குட்டை அளவுக்குத் தெரு.

"தெருவைப் பார்க்கத்தானே வெச்சோம்? இதுல கடைதான் தெரியுது."

"பாதுகாப்புக்குத்தானே மேடம்" என்றார் சேர்மன்.

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்காமல் தன்னோடு வந்திருந்த காவலரிடம் கொடுத்தார். "குழு போன்ல வர்றதை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. இனிமே ஸ்டேஷன்ல மட்டும் தெரிஞ்சா போதும்."

சேர்மன் விடவில்லை. பெரியம்மா பக்கம் குனிந்தார். "நீங்களாவது சொல்லுங்க. டாக்டரே கேட்டாராமே, இவ்வளவு சரியா அழுத்திப் பிடிச்சது யாருன்னு. யாரு அது?"

பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கட்டைத் தொட்டுக்கொண்டார். பிறகு டேப் அக்காவை ஒரு முறை முறைத்தார். அந்தக் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு தம்பி. ஒரு மூக்குதான் தெரிஞ்சுது. யாரு மூக்குன்னு எனக்கென்ன தெரியும்?"

சேர்மன் என்னிடமும் கேட்டார். ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது என்றேன்.

கேமராவை வெளியே மாற்ற உத்தரவானது. பொருத்துகிறவர் வந்தார், ஏணி வந்தது, கூடவே மழையும் வந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் கையை விரித்தார். டேப் அக்கா அவரை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கம்பி முறிந்த பழைய குடையின் கறுப்புத்துணியை வெட்டி, தையல் ஓட்டையில் நீர் இறங்காதபடி மடித்துத் தைத்து, நெற்றிக்கு முன்னால் சின்னத் தாழ்வாரம்போல ஒரு விளிம்பு வைத்து, வெளியே கொண்டுவந்து நீட்டினார்.

"என்னக்கா இது?"

"மழைக்கோட்டு. போட்டு விடுங்க. அப்புறம் சளி பிடிச்சுதுன்னா எங்கிட்ட வந்து சொல்லுங்க."

ஏணிமேல் இருந்தவருக்குச் சிரிப்பில் திருகாணி கை நழுவியது. ஆனாலும் மாட்டிவிட்டார். மழை நின்ற பிறகு தெருவே அண்ணாந்து பார்த்தது. மாப்பிள்ளையின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அந்தத் தூணிலிருந்து வளைவு முழுவதும் தெரிகிறது. சில வாரங்களிலேயே ஒரு பை பறிப்பு அதில் தெளிவாகப் பதிவாகி, பைக்கின் எண்ணை வைத்து ஆளைப் பிடித்தார்கள். அன்று டேப் அக்கா எல்லோருக்கும் டீ சொன்னார். "மாப்பிள்ளை சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டார்ல?"

பெரியம்மாவின் சங்கிலி மட்டும் கிடைக்கவில்லை. அதை அவர் தினமும் சொல்லிக் காட்டுகிறார். டேப் அக்கா தினமும் கேட்டுக்கொள்கிறார். ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. முட்டைக்கடைக்குத் திரைச்சீலை, கல்லாவுக்கு உறை, பெரியம்மாவின் பேத்திக்குப் பள்ளிச் சீருடை என்று வரிசையாகத் தைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். வாங்கிக்கொள்ளும்போதும் பெரியம்மா திட்டிவிட்டுத்தான் வாங்குகிறார்.

ஒரு காலையில் நர்ஸ் அக்கா வேலைக்குக் கிளம்பினார். வளைவில் நடந்து போனதை நான் பார்த்தேன். வழக்கமான கைப்பை, வழக்கமான நடை. பாவாடை மட்டும் கொஞ்சம் கனமாக அசைந்ததுபோல எனக்குத் தோன்றியது. அது என் நினைப்பாகவும் இருக்கலாம். தாள் சலசலக்கவில்லை. மாலையில் அவர் திரும்பி வரவில்லை.

மறுநாள் சேர்மன் வந்தார். முகம் சவரம் செய்யப்படாமல் இருந்தது. கையில் கைப்பேசி இருந்தது, ஆனால் அதில் இப்போது தெரு இல்லை. நிலையத்துக்குப் போயிருக்கிறார். உங்கள் மனைவி நேற்றே இங்கே வந்து, தன் விருப்பத்தோடுதான் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், இடத்தைச் சொல்ல மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்களாம். அங்கிருந்து நேராகத் தையல் கடைக்கு வந்து கண்ணாடிக் கதவை அறைந்து திறந்தார். நான் எங்கள் கடையிலிருந்து இறங்கி வாசலில் போய் நின்றுகொண்டேன்.

உள்ளே பெரியம்மா கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். கழுத்துத் தழும்பை மறைக்கும்படி உயரமான காலர் வைத்த சட்டை. டேப் அக்கா அளந்துகொண்டிருந்தார். டேப் தழும்பில் உரசாமல் இருக்கத் தன் இரண்டு விரல்களை அடியில் கொடுத்துச் சுற்றியிருந்தார். பிறகு டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு காலரில் ஊசி குத்த ஆரம்பித்தார்.

"உனக்குத் தெரியும்" என்றார் சேர்மன். "இங்கதான் வந்துட்டுப் போயிட்டிருந்தா. எனக்கு இப்போ புரியுது. எங்க போனா?"

"ம்."

"என்ன ம்? எந்த ஊருக்குப் போனான்னு கேக்கறேன்."

"ம்."

"அவ வாயில ஊசி இருக்கு தம்பி, கண்ணு தெரியல?" என்றார் பெரியம்மா, கழுத்தைத் திருப்பாமல், கண்ணாடிக்குள் இருந்த சேர்மனைப் பார்த்து.

"எடுத்துட்டுச் சொல்லச் சொல்லுங்க. இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம நான் இங்கிருந்து போக மாட்டேன்."

காலர் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இனிக் குத்த வேண்டியது ஒன்றுமில்லை. டேப் அக்கா ஓர் அடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார். பிறகு சேர்மனைப் பார்த்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த ஊசி மெத்தையிலிருந்து புதிதாக ஒரு குண்டூசியை எடுத்து, மற்ற ஊசிகளின் வரிசையில், உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.